மாப்பிள்ளை நட்ட மரம்

"குடும்பத்துல மொத்தம் நாற்பத்தொரு பேர், மாப்பிள்ளை. ஒருத்தரைக்கூட விட்டுடக் கூடாது" என்றபடி மாமியார் ஒரு தடித்த நோட்டை மாப்பிள்ளையின் மடியில் வைத்தார்.

மருத்துவமனையின் நான்காவது மாடி. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே இருந்த ஹாலில் நாற்காலிகளை ஒரே இரும்புச் சட்டத்தில் பிணைத்திருந்தார்கள். அந்தக் கோடியில் ஒருவர் காலை ஆட்டினால் இந்தக் கோடியில் இருப்பவரும் சேர்ந்து ஆட வேண்டியதுதான். பத்து நிமிடத்துக்கு முன்புதான் மாமனாருக்குப் பச்சை அங்கி மாட்டி, சக்கர நாற்காலியில் உட்கார வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். போனும் சட்டையும் வைத்திருந்த தன் துணிப்பையை யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்று மடியிலேயே வைத்துக்கொண்டு போனார்.

பித்தப்பையில் கல். சின்ன ஆபரேஷன்தான், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் கதவருகே போனதும் மாமனார், "நீங்க இங்கயே இருங்க மாப்பிள்ளை. உங்களை நம்பித்தான் உள்ள போறேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு சொல்லில் மாப்பிள்ளைக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. இன்னும் காயவில்லை.

"ஆபரேஷன் முடிஞ்சதும் நீங்கதான் எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லணும்" என்றார் மாமியார். "எனக்குப் படபடப்புல நாக்கு குழறுது. இவளுக்கு போனை எடுத்தாலே அழுகை வருது."

இவள் என்றது மாமியாரின் ஒரே மகளை. அதாவது மாப்பிள்ளையின் மனைவியை. அவள் ஏற்கெனவே கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"அதோட, யாருக்கு முதல்ல சொல்றோம்ங்கறது ரொம்ப முக்கியம். போன வருஷம் இவருக்குக் கண் ஆபரேஷன் நடந்தப்ப, தம்பிக்கு முதல்ல சொல்லிட்டோம்னு அண்ணி எட்டு மாசம் முகம் கொடுத்துப் பேசலை."

அண்ணி என்பவர் மாமனாரின் அக்கா. உடன்பிறந்த ஆறு பேரில் மூத்தவர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை என்பதால் குடும்பத்தில் அவருக்கு 'ஹெட்மிஸ்ட்ரஸ்' என்றே பெயர். ஓய்வு பெற்றது பள்ளியிலிருந்து மட்டும்தான். தம்பி என்பவர் ஆறு பேரில் கடைசி. மாப்பிள்ளைக்குச் சின்ன மாமா. தரை ஓடு விற்கும் கடை வைத்திருந்தார். மரியாதையில் ஒரு நூலிழை குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.

மாப்பிள்ளை நோட்டைப் புரட்டினார். கிட்டத்தட்ட நாற்பது போன். ஒவ்வொருவரும் டாக்டர் எப்படி, கல் எத்தனை, என்ன சைஸ், அதைக் காட்டினார்களா என்று கேட்பார்கள். மனிதர்களோடு போனில் பேசுவதென்றால் அவருக்குப் பயம். புரோகிராம் எழுதுவது அவர் தொழில். மூன்று நிமிடம் பேசுவதைத் தவிர்க்க மூன்று நாள் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிற ரகம்.

அப்படி எழுதிய ஒன்று அவரிடம் ஏற்கெனவே இருந்தது. கல்யாணமான புதிதில் ஹெட்மிஸ்ட்ரஸை 'அக்கா' என்றும், அவருடைய பேத்தியை 'மேடம்' என்றும் கூப்பிட்டதில் சபையே சிரிப்பாய்ச் சிரித்தது. அந்த வாரமே உட்கார்ந்து மனைவி வீட்டுக்குக் கம்ப்யூட்டரில் ஒரு வம்ச மரம் நட்டார். அதில் 'உறவினர்' என்று ஒரு கிளாஸ், அச்சு மாதிரி. குடும்பத்தில் ஒவ்வொருவரும் அந்த அச்சில் வார்த்த ஒரு ஆப்ஜெக்ட். ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்குள்ளும் பெயர், போன் நம்பர், அவரை மாப்பிள்ளை எப்படி அழைக்க வேண்டும் என்கிற முறை, பிறகு பிள்ளைகளின் பட்டியல். பிள்ளைகளும் ஆப்ஜெக்டுகளே, அவர்களுக்குள்ளும் அதே போலப் பட்டியல். காலஞ்சென்ற தாத்தா வேர். அவருடைய ஆறு பிள்ளைகள் கிளைகள். பேரன் பேத்திகள், கொள்ளுப்பேரன்கள் எல்லாம் கொப்பும் இலையும். அந்த வீட்டுக்கு வாழ வந்தவர்களுக்கு அதில் இடமில்லை. தன்னையே அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. சேர்த்தால் மரம் புதராகிவிடும் என்பது அவர் கட்சி.

"போனே வேண்டாம் அத்தை" என்று லேப்டாப்பைத் திறந்தார். "எல்லாருக்கும் மெசேஜ் போயிடும். நான் ஒரு தட்டு தட்டினாப் போதும்."

"வரிசை?"

"அதையும் அதுவே பாத்துக்கும். ஒரு தபால்காரர் இருக்காருன்னு வச்சுக்கங்க. வீடு வீடா நடக்கறது மட்டும்தான் அவர் வேலை. போன வீட்டுல என்ன செய்யணும்னு அவருக்குத் தெரியாது. அதை நாம ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துடறோம். 'கதவைத் தட்டு'ன்னு எழுதினா ஒவ்வொரு வீட்டுலயும் தட்டுவாரு. 'பேரை மட்டும் படி'ன்னு எழுதினா வாசல்ல நின்னு பேரைப் படிச்சுட்டுப் போயிடுவாரு. அந்தச் சீட்டுக்குத்தான் கால்பேக்னு பேரு."

"கால்பேக்னா... எல்லாரும் திருப்பிக் கூப்பிடுவாங்களா?"

"இல்ல அத்தை. இது வேற கால்பேக். ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க."

மனைவி மூக்கை உறிஞ்சினாள். "எதுக்கும் ஒரு தடவை சரியா ஓடுதான்னு பாத்துக்கங்க. நான் அம்மாவைக் கீழ கூட்டிட்டுப் போய் ஒரு வாய் காபி குடிக்க வைக்கிறேன்."

அவர்கள் போனதும் மாப்பிள்ளை செய்தியை எழுதினார்: 'ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கவலை வேண்டாம். – மாப்பிள்ளை.' அலுவலகத்தில் சோதனைக்காகக் கொடுத்திருந்த மெசேஜ் வசதியோடு அதை இணைத்தார். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே பத்து விநாடி இடைவெளி விட்டார். வரிசை முக்கியமாயிற்றே.

இனி சோதனை. அவரிடம் இரண்டு கால்பேக் இருந்தன. ஒன்று 'காட்டு', திரையில் பெயரை மட்டும் காட்டும். இன்னொன்று 'அனுப்பு', பெயரைக் காட்டிவிட்டுச் செய்தியையும் அனுப்பிவிடும்.

மரத்தை நடக்கச் சொல்லித் தட்டிவிட்டார். திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஹெட்மிஸ்ட்ரஸ் முதலில். அடுத்து அவருடைய மூத்த மகன், அந்த மகனின் பிள்ளைகள், இளைய மகன், அவன் பிள்ளைகள்... ஒரு கிளையின் நுனி வரை போய்விட்டுத் திரும்பி, அடுத்த கிளையில் ஏறியது. மாப்பிள்ளைக்கு அதைப் பார்க்கவே அழகாக இருந்தது. வேர், கிளை, கொப்பு, இலை. ஒரு பிசிறு இல்லை.

இரண்டு நிமிடம் கழித்து லிஃப்ட் திறந்தது. மனைவியும் மாமியாரும் ஓடி வந்தார்கள். மாமியார் அழுதுகொண்டே சிரித்தார்.

"முடிஞ்சிருச்சா? அதுக்குள்ளயா? டாக்டர் என்ன சொன்னாரு?"

"என்ன முடிஞ்சிருச்சு?" என்றார் மாப்பிள்ளை.

மனைவி போனை நீட்டினாள். 'ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கவலை வேண்டாம். – மாப்பிள்ளை.'

மாப்பிள்ளை மெதுவாகத் திரும்பித் திரையைப் பார்த்தார். 'காட்டு' இருக்க வேண்டிய இடத்தில் 'அனுப்பு' இருந்தது.

"ஐயையோ" என்றார்.

லேப்டாப்பைப் படாரென்று மூடினார். பயனில்லை. தபால்காரர் நடப்பது இந்த லேப்டாப்பில் அல்ல, அலுவலகத்து சர்வரில். நிறுத்துகிற இடத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் நாற்பத்தொரு வீட்டையும் தட்டிவிட்டு அவர் ஓய்வெடுக்கப் போய்விட்டார்.

"அப்போ ஆபரேஷன் முடியலையா?" என்றார் மாமியார்.

"உள்ள போயே இருபது நிமிஷம்தானே அத்தை ஆச்சு."

"முடியாத ஆபரேஷனை முடிஞ்சதுன்னு ஊர் பூரா சொல்லிட்டீங்களா?" மாமியார் நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். வரிசை முழுவதும் ஆடியது. "நல்ல சேதியை முந்திச் சொல்லக் கூடாதே..."

மாப்பிள்ளைக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் உள்ளே இருப்பது மாமனார்.

போன் அடித்தது. சின்ன மாமா.

"மாப்ளே, சந்தோஷமான சேதி. ஆனா ஒண்ணு கேக்கணும். எனக்கு இப்பத்தான் மெசேஜ் வந்துது. அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடியே அக்காவோட பேத்தி எனக்கு போன் பண்ணி, 'தாத்தா, விஷயம் தெரியுமா'ன்னு கேக்குறா. கூடப் பொறந்தவன் நான். அவ பொறந்து இருபது வருஷம்தான் ஆகுது. வரிசையில நான் எத்தனாவது?"

மாப்பிள்ளை பொய் சொல்லத் தெரியாதவர். "முப்பத்தெட்டாவது, மாமா."

அந்தப் பக்கம் போன் வைக்கிற சத்தம் கேட்டது.

"ஏங்க, உடனே திருத்திச் சொல்லிடுங்க" என்றாள் மனைவி. "இன்னும் முடியலைன்னு."

இந்தத் தடவை மாப்பிள்ளை வரிசையில் கவனமாக இருந்தார். ஒரு கிளையின் நுனி வரை போகிற நடை கூடாது. முதலில் உடன்பிறந்தவர்கள் எல்லோரும், அடுத்து அவர்கள் பிள்ளைகள் எல்லோரும், அதற்கடுத்துப் பேரப்பிள்ளைகள் என்று தலைமுறை தலைமுறையாக நடக்கும்படி மாற்றினார். இப்போது சின்ன மாமா ஆறாவது. அவசரத்தில் செய்தியைச் சுருக்கமாக வைத்தார். நான்கே சொல்: 'முந்தைய செய்தி தவறு. வருந்துகிறோம்.' கீழே 'மாப்பிள்ளை' என்று கையெழுத்து.

அனுப்பிவிட்டு, அப்பாடா என்று சாய்ந்தார்.

அப்போது ஆபரேஷன் தியேட்டரின் கதவு திறந்தது. ஒரு நர்ஸ் வேகமாக வெளியே வந்தார். ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார். கழிவறைப் பக்கம் ஓடினார். திரும்பி வந்து, கதவருகே நின்ற இன்னொரு நர்ஸிடம் உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினார். இருவரும் உள்ளே ஓடினார்கள்.

மாப்பிள்ளை பாதி எழுந்து கதவைப் பார்த்தார்.

"ஏங்க" என்று மனைவி மெல்லக் கூப்பிட்டாள். அவள் போனிலும் அந்த இரண்டாவது செய்தி வந்திருந்தது. "இதைக் கொஞ்சம் படிங்க. முதல்ல, 'நல்லபடியா முடிஞ்சது, கவலை வேண்டாம்'னு அனுப்பினீங்க. இப்ப அது தப்புன்னு சொல்றீங்க. அப்போ என்ன அர்த்தம்?"

மாப்பிள்ளை கணக்குப் போட்டார். 'நல்லபடியாக முடிந்தது' தவறு. 'கவலை வேண்டாம்' என்பதும் தவறு. மிஞ்சுவது 'வருந்துகிறோம்'.

மூன்று போன்களும் ஒரே நேரத்தில் அடிக்கத் தொடங்கின.

"என் தம்பீ...!" என்று மாப்பிள்ளையின் காதில் ஹெட்மிஸ்ட்ரஸ் அலறினார். நாற்பது வருடம் வகுப்பறையில் பழகிய குரல். போனைத் தள்ளிப் பிடித்தும் ஹால் முழுவதும் கேட்டது. வேறு நோயாளிகளுக்காகக் காத்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

"பெரியம்மா, பெரியம்மா, ஒண்ணும் ஆகலை! மாமா உள்ள இருக்காரு!"

"உள்ளன்னா எங்கே? ஐஸ் பெட்டியிலயா?"

"ஆபரேஷன் நடக்குது பெரியம்மா!"

"நடந்து முடிஞ்சதுன்னு நீங்கதானே சொன்னீங்க? என்கிட்ட மறைக்காதீங்க. எத்தனை பிள்ளைங்க பொய்யைக் கண்டுபிடிச்சிருக்கேன் தெரியுமா? நான் கிளம்பிட்டேன்."

அந்தப் பக்கம் மாமியார் ஒரு போனையும், மனைவி ஒரு போனையும் வைத்துக்கொண்டு அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு அழைப்பை வைத்தால் இரண்டு வந்தன.

மாமியார் மூச்சு வாங்கினார். "மாப்பிள்ளை, இதுதானா அந்தக் கால்பேக்கு?"

மணி ஒன்றானது. ஒரு மணி நேரம் என்று சொன்ன ஆபரேஷன் இன்னும் முடியவில்லை. மாப்பிள்ளை எழுந்துபோய்க் கதவருகே வந்த நர்ஸை மறித்தார்.

"சிஸ்டர், பித்தப்பை கேஸ்... எங்க மாமனார்... எப்படிப் போயிட்டிருக்கு?"

நர்ஸ் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "பாத்துக்கிட்டுதான் சார் இருக்கோம். எல்லாப் பக்கமும் பாத்துட்டோம். கொஞ்சம் பொறுமையா இருங்க."

எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டார்களாம். ஒரு கல்லுக்கு எத்தனை பக்கம் திறந்து பார்த்தார்களோ! மாப்பிள்ளை இதை மாமியாரிடம் சொல்லவில்லை. வந்து உட்கார்ந்து, ஒன்றும் நடக்காதது போல லேப்டாப்பைத் திறந்தார். கிளம்பியவர்களையாவது தடுத்து நிறுத்த வேண்டும்.

"மறுபடியுமா?" என்றாள் மனைவி.

"இது கடைசி. பெரியவங்களுக்கு முதல்ல அனுப்பினாத்தான் பதறிடறாங்க. சின்னவங்களுக்கு விஷயம் புரியும். இந்தத் தடவை கீழேருந்து மேல போகட்டும். இலைக்கு முதல்ல, கிளைக்கு அப்புறம். பசங்க அவங்கவங்க வீட்டுப் பெரியவங்களைச் சமாதானப்படுத்திடுவாங்க."

"மொட்டையா எழுதாதீங்க. கொஞ்சம் பாசமா எழுதுங்க."

பாசம். அதைத்தான் விட்டுவிட்டோம் என்று மாப்பிள்ளைக்கும் பட்டது. மொட்டையாக 'அவர் நலமாக இருக்கிறார்' என்றால் யார் என்று தெரியாது. ஒருவருக்கு அவர் தம்பி, ஒருவருக்கு அண்ணன், ஒருவருக்குத் தாத்தா. ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்குள்ளும் உறவுமுறை என்று ஒன்று இருக்கிறதே, அதை எடுத்துச் செய்திக்குள் போட்டுவிட்டால் போதும். 'உங்கள் இன்னார் நலமாக இருக்கிறார். யாரும் வர வேண்டாம். – மாப்பிள்ளை.'

தட்டினார். மரம் இலை இலையாக நடந்தது.

அந்த உறவுமுறை, மாப்பிள்ளை அவர்களை அழைக்கும் முறை. அவர்கள் மாமனாரை அழைக்கும் முறை அல்ல. இது அவருக்கு உறைத்தபோது நாற்பத்தொன்றும் போய்ச் சேர்ந்திருந்தன.

முதல் போன் ஹெட்மிஸ்ட்ரஸின் மூத்த மகனிடமிருந்து. மாப்பிள்ளைக்கு அண்ணன் முறை. வங்கி அதிகாரி, அமைதியானவர்.

"மாப்பிள்ளை, 'உங்கள் அண்ணன் நலமாக இருக்கிறார்'னு அனுப்பியிருக்கீங்க. எங்க வீட்டுல நான்தான் மூத்தவன். எனக்கு ஒரு அண்ணன் இருக்கானா?"

"இல்லண்ணே, அது வந்து..."

"நாற்பத்தெட்டு வயசுல இதை நான் மெசேஜ்லயா தெரிஞ்சுக்கணும்? அம்மாவைக் கேட்டா அவங்களும் மழுப்புறாங்க. அழுதுகிட்டே 'என்னடா உளறுற'ன்னு கேக்குறாங்க. அவன் எங்க இருக்கான்? அதே ஆஸ்பத்திரியிலதானா?"

அடுத்தது ஹெட்மிஸ்ட்ரஸே. "மாப்பிள்ளை, என் பெரியம்மா போய்ச் சேர்ந்து பன்னெண்டு வருஷமாச்சு. நலமா இருக்காங்கன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

சின்ன மாமா கூப்பிடவில்லை. அவர் நேரிலேயே வந்துவிட்டார். லிஃப்டிலிருந்து இறங்கியவரின் ஒரு கையில் அவருடைய கடைசி மகள். கல்லூரியில் படிக்கிறவள், வீட்டில் எல்லோருக்கும் 'பாப்பா', மாப்பிள்ளைக்கும் அதே. இன்னொரு கையில் அவளுடைய போன்.

"மாப்ளே, அண்ணனைப் பத்தி அப்புறம் பேசுவோம். முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க." போனை மாப்பிள்ளையின் மூக்குக்கு நேரே நீட்டினார். "'உங்கள் பாப்பா நலமாக இருக்கிறார். யாரும் வர வேண்டாம்.' கல்யாணமாகாத பொண்ணுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து இப்படி ஒரு சேதி வந்தா பெத்தவன் என்ன நினைப்பான்?"

"அப்பா, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்று அந்தப் பெண் மூன்று மாடிக்குக் கேட்கும்படி அழுதாள்.

மாப்பிள்ளை விளக்கத் தொடங்கினார். கிளாஸ், ஆப்ஜெக்ட், கால்பேக் என்று மூன்று சொல் சொல்வதற்குள் லிஃப்ட் மறுபடியும் திறந்தது. ஏழு பேர் இறங்கினார்கள். அடுத்த முறை ஒன்பது பேர். 'யாரும் வர வேண்டாம்' என்று எழுதினால், வர வேண்டிய அளவுக்கு ஏதோ நடந்திருக்கிறது என்றுதான் எல்லோரும் புரிந்துகொண்டிருந்தார்கள். லிஃப்ட்காரர் மாடி எண்ணைக் கேட்பதையே விட்டுவிட்டார். முகத்தைப் பார்த்தே நாலாவது மாடிக்குக் கொண்டுவந்தார்.

"இன்னும் எத்தனை பேர் சார் உங்க வீட்ல?" என்று மாப்பிள்ளையைக் கேட்டார்.

"மரத்துல நாற்பத்தொண்ணு" என்றார் மாப்பிள்ளை. லிஃப்ட்காரர் அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

இரண்டு மணிக்கு ஹாலில் இருபத்தேழு உறவினர்கள் இருந்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். சின்ன மாமா அவருக்குப் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று நின்றார். வங்கி அதிகாரி வருகிற போகிற ஆண்களின் முகத்தில் தன் அண்ணனைத் தேடிக்கொண்டிருந்தார். மாமியார் இப்போது அழவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் மாப்பிள்ளைக்குத் தாங்கவில்லை.

மூன்று மணி நேரமாகிவிட்டது. அந்தக் கதவு பத்துத் தடவை திறந்து மூடியிருக்கும். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒரு நர்ஸ் ஓடினார். கையைப் பிசைந்துகொண்டு திரும்பினார். கீழிருந்து காவலாளிகள் இரண்டு பேர் வந்து, நர்ஸிடம் காதோடு காதாக ஏதோ கேட்டுவிட்டு மாடிப்படியில் இறங்கிப் போனார்கள். ஒரு உயிருக்குக் காவலாளி எதற்கு என்று மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. கூட்டத்தைச் சமாளிக்க முன்னேற்பாடு செய்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தார்.

லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தார். எழுந்து ஹாலின் நடுவே போய் நின்றார். இருபத்தேழு பேரும் பார்த்தார்கள். அத்தனை பேர் முன்னால் அவர் வாழ்க்கையில் பேசியதே இல்லை.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும்" என்றார். குரல் கீச்சென்று வந்தது. "முதல் மெசேஜ் சோதனை. தெரியாம நிஜமாவே போயிடுச்சு. ரெண்டாவதை அவசரத்துல எழுதினேன். மூணாவதுல முறை மாறிப் போச்சு. யாருக்கும் அண்ணன் கிடையாது. பாப்பா மேல ஒரு தப்பும் இல்லை. எல்லாரையும் ஒரு மரத்துல வச்சு, ஒரு தட்டுல சொல்லிடலாம்னு நினைச்சேன். போன் பண்ணப் பயந்துதான் இப்படிச் செஞ்சேன். மாமா என்னை நம்பித்தான் உள்ள போனாரு. போய் மூணு மணி நேரமாச்சு. அவர் எப்படி இருக்காருன்னு எனக்கு நிஜமாவே தெரியாது."

கடைசி வரியில் குரல் உடைந்துவிட்டது.

ஹெட்மிஸ்ட்ரஸ் கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். "குடிங்க. நெஞ்சு அடைக்குது உங்களுக்கு. தப்பு பண்ணின பிள்ளை எழுந்து நின்னு சொல்லிட்டா, நான் என்னைக்கும் அடிச்சதில்லை."

"அண்ணன் உங்களைத் திட்டினாத் திட்டட்டும், எழுந்து வந்து திட்டட்டும்" என்று சின்ன மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். வரிசை முழுவதும் ஆடியது.

அப்போது ஆபரேஷன் தியேட்டர் கதவு திறந்தது. இந்தத் தடவை வந்தது நர்ஸ் அல்ல. டாக்டர். தொப்பியும் முகமூடியும் அப்படியே இருந்தன. முகமூடியை மெல்லக் கீழே இறக்கினார்.

இருபத்தேழு பேரும் எழுந்து நின்றார்கள். மாமியார் மகளின் தோளைப் பற்றிக்கொண்டார். மாப்பிள்ளை கண்களை மூடிக்கொண்டார்.

"பித்தப்பைக் கல் பேஷண்டோட ஆளுங்க யாரு?" என்றார் டாக்டர்.

"நாங்க எல்லாரும்" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். "எதுவா இருந்தாலும் சொல்லுங்க டாக்டர். தாங்கிக்கிறோம்."

டாக்டர் அத்தனை முகங்களையும் ஒரு முறை பார்த்தார். பின்னால் நின்ற நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் தரையைப் பார்த்தார்.

"எனக்கு வேற ஒரு ஆபரேஷன் இழுத்துடுச்சு, இப்பத்தான் வந்தேன்" என்றார் டாக்டர். "வந்ததும் உங்களைத்தான் கேக்கணும்னு நினைச்சேன். பேஷண்ட் எங்கே?"

அடுத்த ஆறு பேரை இறக்கிவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற லிஃப்ட்காரர் தலையை நீட்டினார்.

"யாரு, பச்சை அங்கி மேலயே சட்டையை மாட்டிக்கிட்டு, பின்வாசல் படியில இறங்கி மூணாவது மாடியில லிஃப்ட் ஏறின பெரியவரா? ஊசி போட்டாங்க, கண் அசந்துட்டேன், முழிச்சுப் பாத்தா ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிடுச்சு, மாப்பிள்ளையே மெசேஜ் அனுப்பிட்டாருன்னு என்கிட்ட காட்டிட்டு, போனை அணைச்சுப் பைக்குள்ள போட்டுக்கிட்டு, வலியே தெரியலைப்பான்னு சொல்லிட்டு, பதினொண்ணரைக்கே வீட்டுக்குப் போயிட்டாரே!"